ஆயிரத்துக்கு ஒன்று குறைவு: குத்தகைப் பத்திரத்தில் உள்ள 999 என்ற எண்ணின் கணக்கு

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு எண்கள் கூடவே வருகின்றன. ஒன்று 142, மற்றொன்று 999. முதலாவதைக் கூடலூரிலும் கம்பத்திலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 152 அடி. 1979 முதல் 136 அடியாகக் குறைத்து வைக்கப்பட்டிருந்த நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2014இல் தீர்ப்பளித்தது. இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கில் இந்த அடிக்கணக்கு மனப்பாடம். ஆனால் குத்தகைக் காலமான 999 ஆண்டுகள் என்று வரும்போது குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வகைக் கேள்விகள் எழுகின்றன. ஏன் ஆயிரம் என்று எழுதவில்லை? குத்தகை 2884இல் முடிகிறதா, 2885இல் முடிகிறதா? மூன்று ஒன்பதுகளில் ஏதேனும் சூட்சுமம் உண்டா? அணையின் பாதுகாப்பு, நீர் உரிமை ஆகியவற்றை இக்கட்டுரை தொடவில்லை. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் எது கணிதம், எது வழக்கம், எது வெறும் தோற்றம் என்று பிரித்துப் பார்க்கிறது.

பத்திரத்தில் இருப்பது என்ன?

திருவிதாங்கூர் அரசருக்கும் பிரிட்டிஷ் அரசின் இந்தியாவுக்கான செயலருக்கும் இடையே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி கையெழுத்தான பத்திரம் அது. குத்தகைக் காலம் அந்தத் தேதியிலிருந்து அல்லாமல், அதே ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. நிலம் சுமார் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகைப் பணம். 1970இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இது ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதச் சட்டம் இடம் தராததால்தான் 999 என்று எழுதினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கும் அதற்கு மேலும் எழுதப்பட்ட பத்திரங்கள் இங்கிலாந்தில் உண்டு. ஆங்கிலேயச் சட்ட மரபில் குத்தகைக்குத் தேவையானது முடிவுத் தேதி ஒன்று இருக்க வேண்டும் என்பதே. அந்த முடிவு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அது குத்தகைதான், விற்பனை ஆகாது. 99, 999 ஆகிய இரண்டும் அந்த மரபில் வழக்கமாகிப்போன எண்கள். நம் ஊரில் மொய் எழுதும்போது ஆயிரத்தோடு ஒன்று கூட்டி 1001 என்று எழுதுகிறோம். அவர்கள் ஒன்று கழித்து எழுதினார்கள். இரண்டிலும் இருப்பது பழக்கமே, கணிதம் அல்ல. கணிதம் தொடங்குவது அடுத்த கேள்வியிலிருந்து.

குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது?

1886உடன் 999ஐக் கூட்டினால் 2885 வருகிறது. அதைப் பார்த்துவிட்டு 2885 முழுவதும் குத்தகை நடப்பில் இருக்கும் என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. ஆண்டின் முதல் நாளில் தொடங்கிய காலத்தில், தொடக்க ஆண்டும் எண்ணிக்கையில் சேர்கிறது. 1886 முதலாம் ஆண்டு, 1887 இரண்டாம் ஆண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் 999ஆம் ஆண்டு 2884 ஆகும். எனவே முடிவு நாள் 2884 டிசம்பர் 31. 2885 ஜனவரி 1 அன்று குத்தகை இருக்காது.

இதே கணக்கை ஏற்கெனவே முடிந்துபோன ஒரு குத்தகையில் சரிபார்க்கலாம். ஹாங்காங்கின் புதிய பகுதிகள் பிரிட்டனுக்கு 99 ஆண்டுகளுக்கு விடப்பட்டது 1898 ஜூலை 1 முதல். முடிந்த நாள் 1997 ஜூன் 30. கூட்டி வரும் எண் 1997, ஆனால் முடிவு அந்தத் தேதிக்கு முந்தைய நாள்.

மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டுதல்

இந்த 999 ஆண்டுகளில் எத்தனை நாட்கள்? இந்தக் கணக்கைப் போட்டால் 999இன் முக்கியமான பண்பு ஒன்று தானாகவே வெளிப்படும்.

1. சாதாரண ஆண்டாகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 999 × 365. இதைப் பெருக்க வேண்டியதில்லை. 3,65,000 கழித்தல் 365, அதாவது 3,64,635.

2. 1886 முதல் 2884 வரை நான்கால் வகுபடும் ஆண்டுகள் 250. அவற்றில் 1900, 2100, 2200, 2300, 2500, 2600, 2700 ஆகிய ஏழும் நூற்றாண்டு விதிப்படி லீப் ஆண்டுகள் அல்ல. 400ஆல் வகுபடும் 2000, 2400, 2800 ஆகியவை லீப் ஆண்டுகளே. மீதம் 243.

3. ஆக மொத்தம் 3,64,878 நாட்கள்.

இப்போது இந்த எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டுவோம். 364 + 878 = 1242. அது ஆயிரத்தைத் தாண்டுவதால் அதையும் அதே முறையில் பிரித்தால் 1 + 242 = 243. லீப் நாட்களின் எண்ணிக்கை அப்படியே கிடைக்கிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆயிரத்தை 999ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 364 ஆயிரங்களை 999ஆல் வகுத்தால் 364 மீதியாக நிற்கும். அதனுடன் 878ஐச் சேர்த்தால் முழு எண்ணின் மீதி கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் மட்டு எண்கணிதம் இதுதான். மொத்த நாட்கள் 999 × 365 + 243 என்பதால், 999இன் மடங்கு முழுவதும் விலகி 243 மட்டும் எஞ்சுவது இயல்பே.

இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் கணக்குச் சரிபார்க்கும் பழைய முறையின் வலுவான வடிவம் இது. எவ்வளவு வலுவானது என்பதை போடிநாயக்கனூரிலோ புற்றடியிலோ ஏல விற்பனைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் உடனே சோதித்துப் பார்க்கலாம். 486 கிலோ ஏலக்காய் கிலோ 2,415 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். தொகை 11,73,690 ரூபாய். எழுதும்போது கடைசியில் இலக்கம் மாறி 11,73,960 என்று பதிவாகிவிட்டது. ஒன்பது முறையில் இந்தப் பிழை தெரியாது. இலக்கங்கள் இடம் மாறினாலும் அவற்றின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. 999 முறையில் 2,415 என்பது 2 + 415 = 417; 486 × 417 = 2,02,662; 202 + 662 = 864. சரியான தொகையில் 1 + 173 + 690 = 864, பொருந்துகிறது. பிழையான தொகையில் 1 + 173 + 960 = 1134, அதாவது 135; பொருந்தவில்லை. மூன்று இலக்கத் தொகுதி ஒன்று முழுதாக மற்றொன்றுடன் இடம் மாறுவதுபோல, பிழையின் அளவு 999இன் மடங்காக அமைந்தால் மட்டும் இந்த முறையும் ஏமாந்துவிடும்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் வழக்கத்தில் காற்புள்ளி முதலில் மூன்று இலக்கத்துக்கும், பிறகு லட்சம், கோடிக்கு ஏற்ப இரண்டிரண்டு இலக்கத்துக்கும் இடப்படுகிறது. 11,73,690 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 11, 73, 690 என்று பிரித்துவிட்டால் விடை தவறும். காற்புள்ளியை மறந்துவிட்டு வலமிருந்து மூன்று மூன்றாகவே பிரிக்க வேண்டும்.

27 × 37: எண்ணின் உள்ளே இருப்பது

999இன் பகாக் காரணிகள் 3, 3, 3, 37. அதாவது 999 = 27 × 37. இதன் வகுத்திகள் 1, 3, 9, 27, 37, 111, 333, 999 என்று மொத்தம் எட்டு. தன்னைத் தவிர்த்த மற்ற ஏழையும் கூட்டினால் 521தான் வருகிறது. தன் அளவை எட்டாததால் இது குறைவெண் வகையைச் சேர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யும் ஒரு கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. 111, 222, 333 என்று ஒரே இலக்கம் மூன்று முறை வரும் எந்த எண்ணையும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விடை எப்போதும் 37. 444ஐ 12ஆல் வகுத்தாலும் 37, 888ஐ 24ஆல் வகுத்தாலும் 37. காரணம், 111 = 3 × 37.

எண் ஜோதிடத்தில் 999இன் கூட்டெண் 27, அதன் கூட்டெண் 9 என்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஒன்பதின் மடங்கு ஒவ்வொன்றுக்கும் கூட்டெண் ஒன்பதுதான். தொடர்ந்து வரும் ஒன்பது எண்களில் ஒன்று இப்படி அமைந்தே தீரும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சுழல் தசமமும் 142 என்ற தற்செயலும்

ஒரு பின்னத்தின் தசம விரிவில் இலக்கங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால் அது சுழல் தசமம். 1ஐ 999ஆல் வகுத்தால் 0.001001001… என்று வரும். எனவே மூன்று இலக்க எண் எதையும் 999ஆல் வகுத்தால் அந்த எண்ணே முடிவின்றித் திரும்பி வரும். 27உம் 37உம் பெருகி 999 ஆவதால் ஒன்றன் தலைகீழில் மற்றது தெரிகிறது. 1/27 = 0.037037…; 1/37 = 0.027027…

குத்தகையில் கழிந்த பங்கைக் கணக்கிட இது வசதியானது. 2025 முடிவில் 140 ஆண்டுகள் கழிந்தன; கழிந்த பங்கு 0.140140140…, அதாவது நூற்றுக்கு 14க்குச் சற்றே கூடுதல். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் திரும்பத் திரும்ப எழுதினால் போதும்.

செய்தியில் அடிபடும் மற்ற எண்ணான 142 எதிர்பாராமல் சந்திக்கும் இடமும் இதுதான். 1/7 = 0.142857142857… இந்த ஆறு இலக்கச் சுழலை நடுவில் வெட்டினால் 142, 857. இரண்டையும் கூட்டினால் 999. இது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஆறு இலக்கச் சுழல் என்பதன் பொருள், 7 × 142857 = 999999 என்பதே.

2. 999999 = 999 × 1001. 7 என்பது 999ஐ வகுக்காது; 1001ஐ வகுக்கும், 1001 = 7 × 143.

3. ஆகவே 142857 = 999 × 143. சுழல் முழுவதும் 999இன் மடங்கு.

4. 999இன் மடங்கை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 999இன் மடங்குதான் வர வேண்டும். இரு பாதிகளும் தனித்தனியே 999க்குக் குறைந்தவை என்பதால் கூட்டுத்தொகை சரியாக 999 ஆவதைத் தவிர வேறு வழியில்லை.

1/13இன் சுழலான 076923இலும் 076 + 923 = 999 என்றே வருகிறது. பகா எண்ணைப் பகுதியாகக் கொண்டு, சுழல் நீளம் இரட்டைப்படையாக அமையும் பின்னங்களுக்கெல்லாம் பொதுவான இந்தப் பண்பை மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836இல் வெளியிட்டார். அடிக்கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட நீர்மட்டமும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட குத்தகையும் இதில் சேர்ந்து நிற்பது முழுக்கத் தற்செயல். மீட்டரில் அளந்தால் 142 என்பது சுமார் 43.3 ஆகிவிடும், சந்திப்பும் காணாமல் போகும். ஆனாலும் ஒன்று சொல்லலாம்: 999ஐ ஏழு சமபங்காக்கினால் ஒரு பங்கு 142 ஆண்டுகளும் ஐந்தில் மூன்றைத் தாண்டிய ஒரு பகுதியும், துல்லியமாக ஏழில் ஐந்தும். குத்தகையின் முதல் ஏழில் ஒரு பங்கு 2028 செப்டம்பரில் கழிகிறது.

வர்க்கத்தில் தன்னையே காட்டும் எண்

999இன் வர்க்கம் 9,98,001. இதை மூன்று மூன்றாகப் பிரித்தால் 998, 001. கூட்டினால் மீண்டும் 999. தன் வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் தானே திரும்பி வரும் எண்களுக்கு, நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகரின் (1905–1986) பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. கணிதத்தில் உயர் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாமல் எண்களோடு வாழ்ந்த மனிதர் அவர்.

மூன்று இலக்கத்தில் இப்படி வேறு எண்கள் உண்டா? தேடித் திரிய வேண்டியதில்லை. 27 × 37 என்ற காரணிப்படுத்தலே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடும். எண் n என்றும், அதன் வர்க்கத்தின் இடப்பகுதி A என்றும், மூன்று இலக்க வலப்பகுதி B என்றும் கொள்வோம். அப்போது n² = 1000A + B, n = A + B. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் n² − n = 999A. அதாவது n(n − 1) என்ற பெருக்கல் 27ஆலும் 37ஆலும் வகுபட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது. ஆகவே 27 முழுதாக ஒன்றில் இருக்க வேண்டும், 37உம் முழுதாக ஒன்றில் இருக்க வேண்டும். வாய்ப்புகள் நான்கே.

1. இரண்டும் n இல் இருந்தால் n = 999.

2. இரண்டும் n − 1 இல் இருந்தால் n = 1. இது பெயருக்கு மட்டும்.

3. 27 என்பது n இலும் 37 என்பது n − 1 இலும் இருந்தால் n = 297. ஏனெனில் 297 = 27 × 11, 296 = 37 × 8. வர்க்கம் 88,209; 88 + 209 = 297.

4. மாறி அமைந்தால் n = 703. 703 = 37 × 19, 702 = 27 × 26. வர்க்கம் 4,94,209; 494 + 209 = 703.

297உம் 703உம் சேர்ந்தால் 1000 ஆவதும், இரண்டின் வர்க்கமும் 209 என்றே முடிவதும் இதன் உடன்விளைவுகள். 999ஐப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றிலும் இதுவே என் கணிப்பில் மிக அழகானது. காரணம், இங்கே ஒன்பதுகளின் வரிசை வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கும் 27உம் 37உம்தான் வேலை செய்கின்றன.

வர்க்கத்தின் தலைகீழையும் பார்த்துவிடலாம். 1ஐ 998001ஆல் வகுத்தால் 0.000 001 002 003 004 … என்று மூன்றிலக்க எண்கள் வரிசையாக வருகின்றன. 997 வரை ஒன்றுகூடத் தவறாது. அதன் பிறகு 998ஐ விட்டுவிட்டு 999 வந்து, மீண்டும் 000இலிருந்து தொடங்கும். விடுபடுவதற்குக் காரணம் கைமாற்றம். 1000 என்ற நான்கிலக்க எண் மூன்றிலக்க இடத்தில் அமர முடியாமல் ஒன்றை இடப்பக்கம் தள்ளுகிறது. அங்கே இருந்த 999 ஆயிரமாகித் தானும் ஒன்றைத் தள்ளுகிறது. அதற்கும் இடப்பக்கம் இருந்த 998 அப்படியே 999 ஆகிவிடுகிறது.

எண்ணின் பண்பும் எழுத்தின் பண்பும்

மேலே கண்டவற்றை இரண்டாகப் பிரிக்காமல் விட்டால் குழப்பம் தொடரும். 27 × 37 என்பதும் எட்டு வகுத்திகள் என்பதும் 999க்கே உரியவை. எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை. மூன்றிலக்கமாகக் கூட்டுதல், சுழல் தசமம், வர்க்கத்தை வெட்டிக் கூட்டுதல் ஆகியவை நாம் பத்தை அடியாக வைத்து, இடமதிப்பு முறையில் எழுதுவதால் வருபவை. கணினியின் இரண்டடி முறையில் இதே எண் 1111100111 என்று எழுதப்படும். அங்கே அது ஆயிரத்துக்கு முந்தைய ஒரு சாதாரண எண், அவ்வளவே.

நம் பழைய தமிழ் எண் வடிவங்களே இதற்குச் சான்று. அவற்றில் பத்து, நூறு, ஆயிரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. ஆயிரத்தை ௲ என்று ஒரே குறியால் எழுதிவிடலாம். 999ஐ எழுத ௯௱௯௰௯ என்று ஐந்து குறிகள் வேண்டும். அந்த எழுத்தில் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு 999 ஒரு வழவழப்பான எண்ணாகத் தோன்றியிருக்காது.

அடுத்த 999

பத்திரத்தில் மேலும் 999 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் ஷரத்தும் இருப்பதால், இரண்டாம் தவணையின் கணக்கையும் போட்டுவிடலாம். அது 2885 ஜனவரி 1இல் தொடங்கி 3883 டிசம்பர் 31இல் முடியும். அந்தக் காலத்தில் நான்கால் வகுபடும் ஆண்டுகள் 249. நூற்றாண்டு ஆண்டுகளில் 3200, 3600 ஆகிய இரண்டு மட்டுமே லீப் ஆண்டுகள். 2900, 3000, 3100, 3300, 3400, 3500, 3700, 3800 ஆகிய எட்டும் விலகும். மீதம் 241 லீப் நாட்கள், மொத்தம் 3,64,876 நாட்கள். 364 + 876 = 1240, 1 + 240 = 241 என்று இதுவும் ஒத்துப்போகிறது. எழுத்தில் இரண்டு தவணைகளும் 999 ஆண்டுகளே என்றாலும் இரண்டாவது முதலாவதைவிட இரண்டு நாட்கள் குறைவு. குத்தகைப் பணம் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டிருப்பதால், அந்த இரண்டு நாட்களுக்காக ஒரு பைசாவும் கழியாது.